உடம்புக்கு ஏற்ற ஃபிரேம்

ரோடு பைக் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விசாரிப்பது எடையையும் கியரையும்தான். அடுத்த கேள்வி கார்பனா, அலுமினியமா என்பது. இவற்றில் பாதி விஷயங்களைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். கியர் செட்டைக் கழற்றி வேறு போடலாம்; சக்கரம், சீட், ஹேண்டில்பார், பெடல் எதையும் புதிதாக வாங்கலாம். ஃபிரேமை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதன் குழாய்களின் நீளமும் கோணமும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டன. உங்கள் காலும் கையும் முதுகும் என்ன நீளமோ அதுவும் முடிவான விஷயம். இரண்டும் ஒத்துப்போகுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

சைக்கிளுக்குத் தகுந்தபடி உடம்பை வளைத்துப் பழகியவர்கள் நாம். அப்பாவின் 24 இஞ்ச் சைக்கிளில், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்ட தலைமுறைகள் இங்கே உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர அது போதுமாக இருந்தது. ரோடு பைக்கில் அந்தப் பழக்கம் உதவாது. இதில் மூன்று, நான்கு மணி நேரம் ஏறக்குறைய ஒரே நிலையில் குனிந்திருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 80, 90 சுற்று என்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் சுமார் 5,000 தடவை மடங்கி நீள்கிறது. முதல் பத்து கிலோமீட்டரில் தெரியாத ஒரு சென்டிமீட்டர் பிசகு, எண்பதாவது கிலோமீட்டரில் கழுத்து வலியாகவும் உள்ளங்கை மரத்துப்போவதாகவும் வந்து நிற்கும்.

ஸ்டிக்கரில் இருக்கும் எண்

பழைய ஸ்டீல் ஃபிரேம்களில் மேல் குழாய் தரைக்கு இணையாக இருந்தது. அதனால் சீட் குழாயின் நீளத்தை மட்டும் சொன்னாலே ஃபிரேமின் உருவம் ஓரளவு பிடிபட்டுவிடும். 52, 54, 56 என்ற எண்களெல்லாம் அந்தக் காலத்துச் சென்டிமீட்டர் கணக்கு. 1990களில் ஜெயண்ட் நிறுவனத்துக்காக மைக் பரோஸ் வடிவமைத்த டிசிஆர் இந்தக் கணக்கைக் கலைத்தது. மேல் குழாயைச் சீட் பக்கமாகச் சரித்து, சீட் குழாயைக் குட்டையாக்கி, மீதி உயரத்தை நீளமான சீட் போஸ்ட்டுக்கு விட்டுவிட்டார். ஃபிரேம் இலகுவானது, விறைப்பு கூடியது, சில சைஸ்களிலேயே நிறையப் பேரை உட்கார வைக்க முடிந்தது. இன்று ஏறக்குறைய எல்லோரும் அந்த வழியில்தான் செய்கிறார்கள். ஆகவே ஸ்டிக்கரில் உள்ள 54 எதையும் அளந்து சொல்லும் எண் இல்லை. துணிக்கடையில் சட்டைக் காலரில் ‘எம்’ என்று தைத்திருப்பதைப் போல ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்த எண் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ட்ரெக் நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த எமோண்டா எஸ்எல்ஆரில் 54 சைஸ் இருந்தது. அதே நிறுவனத்தின் டொமேன் எஸ்எல்ஆரிலும் 54 உண்டு. எமோண்டாவில் ஃபிரேமின் முன்பக்க உயரம் 541 மி.மீ., டொமேனில் 575 மி.மீ. ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். முதலாவதை ஓட்டிப் பார்த்து “எனக்கு 54 சரி” என்று முடிவு செய்தவர் இரண்டாவதை இணையத்தில் வாங்கினால், வந்து இறங்குவது வேறு சைக்கிள்.

நம்ப வேண்டிய இரண்டு அளவுகள் ஸ்டாக், ரீச். கிராங்க் சுழலும் அச்சின் நடுவை ஆரம்பப் புள்ளியாக வையுங்கள். கடைக்காரர்கள் அதை பிபி என்பார்கள். அங்கிருந்து, ஃபிரேமின் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபின் மேல் விளிம்பின் நடு வரைக்கும் நேர் செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக்; மேலே சொன்ன முன்பக்க உயரம் இதுதான். கிடைமட்டமாக எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். டான் எம்ஃபீல்டு என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இந்த முறையை முன்வைத்தார். செர்வெலோ போன்ற கம்பெனிகள் கையில் எடுத்த பிறகு அது பரவியது. மேல் குழாய் எப்படிச் சரிந்திருந்தாலும் சரி, சீட் குழாய் எந்தக் கோணத்தில் நின்றாலும் சரி, இந்த இரண்டு அளவுகளும் ஏமாற்றாது. காரணம், சீட்டை மேலே கீழே, முன்னே பின்னே நகர்த்தி உங்கள் கால்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள முடியும். கைகள் எங்கே போய்ச் சேரும் என்பதைத்தான் ஃபிரேம் தீர்மானிக்கிறது. அந்த இடத்தைச் சொல்பவை ஸ்டாக்கும் ரீச்சும்.

முதலில் கால்

அளவெடுக்க ஒரு கெட்டி அட்டைப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு டேப் போதும். செருப்பில்லாமல், சைக்கிள் ஓட்டும்போது போடும் ஷார்ட்ஸோடு, சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் அளவுக்குக் குறையாமல் இடம் விடுங்கள். புத்தகத்தின் ஒரு விளிம்பு சுவரில் முழுக்க ஒட்டியிருக்கும்படி கால்களுக்கு நடுவே வைத்து, மேலே இழுங்கள். இங்கேதான் எல்லோரும் கூச்சப்பட்டுக் குறைத்து அளக்கிறார்கள். சீட்டில் உட்காரும்போது எலும்பில் எவ்வளவு அழுத்தம் தெரியுமோ அவ்வளவு அழுத்தம் வரும்வரை இழுக்க வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பில் சுவரில் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை அளந்து பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் எங்கோ சாய்ந்து நின்றிருக்கிறீர்கள். மூன்றையும் பேண்ட் சைஸோடு ஒப்பிட வேண்டாம், தையல்காரர் எடுக்கும் கால் உயரம் வேறு.

இந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பிபி நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை சீட் குழாயின் போக்கில் இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். பிரான்ஸின் பயிற்சியாளர் சிரில் கிமார், அவரிடம் பயின்ற கிரெக் லெமான்ட் ஆகியோரின் பெயரோடு பரவிய கணக்கு இது. அவர்கள் காலத்துப் பெடலும் ஷூவும் தடிமனானவை. இன்றைய மெல்லிய ரகங்களுக்குச் சில மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம். இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் சரியான எல்லைக்குள் இருக்கிறீர்கள். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இடுப்பு இடமும் வலமும் ஆடுவது தெரிந்தால் சீட் உயரம் அதிகம்.

இப்போது ஒரே உயரமுள்ள அண்ணன் தம்பி இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் 170 செ.மீ. அண்ணனுக்குக் கால் நீளம், 82 செ.மீ.; தம்பிக்கு 76, உடல் நீளம். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை உயரத்தை மட்டும் கேட்பதால் இருவருக்கும் ஒரே சைஸைத்தான் காட்டும். கணக்குப்படி அண்ணனின் சீட் உயரம் 72.4 செ.மீ., தம்பியின் சீட் உயரம் 67.1 செ.மீ. இருவரையும் அந்த எமோண்டா 54-இல் ஏற்றி, வழக்கமான 100 மி.மீ. ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு) அதற்குக் கீழே 20 மி.மீ. ஸ்பேசரும் (உயரத்துக்காக அடுக்கும் வளையம்) போட்டால், அண்ணனுக்கு ஹேண்டில்பார் சீட்டைவிட சுமார் 6 செ.மீ. கீழே இருக்கும், தம்பிக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் கீழே. ஒருவர் பந்தய வீரரைப் போலக் குனிந்திருக்கிறார், இன்னொருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், சைக்கிள் ஒன்றேதான். டொமேன் 54-க்கு மாற்றினால் அண்ணனுக்கு அந்த வித்தியாசம் சுமார் 3 செ.மீ. ஆகிறது, நீண்ட பயணத்துக்கு நல்ல இடம். தம்பிக்கோ ஹேண்டில்பார் சீட்டுக்கு மேலே 2 செ.மீ. ஏறிவிடுகிறது. அண்ணன் வேகமாகப் போக நினைத்தாலும் உயரமான ஃபிரேமைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, தம்பி நிதானமாகப் போக நினைத்தாலும் தாழ்வான ஃபிரேம்தான் பொருந்துகிறது. “பந்தய வகை, எண்டூரன்ஸ் வகை” என்று விளம்பரம் பிரிப்பதைக் காட்டிலும் உங்கள் கால் நீளம் பிரிப்பது சரியாக இருக்கும்.

எவ்வளவு தாழ்வு தாங்கும்?

இதற்குப் பதில் உங்கள் முதுகிலும் இடுப்பிலும் இருக்கிறது. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடப் பாருங்கள். விரல் கெண்டைக்கால் நடுவோடு நின்றுவிட்டால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வைக்க வேண்டாம் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. விரல் தரையைத் தொட்டால் 5, 6 செ.மீ. வரை போகலாம். உள்ளங்கையே தரையில் படிகிறவர்கள் இன்னும் தாழ்வைத் தாங்குவார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் உடம்பு காலை ஐந்து மணிக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இறங்கியதும் வளைந்துகொடுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இப்போது இருக்கும் முதுகுக்கு வாங்குங்கள். ஆறு மாதப் பயிற்சியில் உடம்பு இளகினால் இரண்டு ஸ்பேசரை எடுத்துக் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால்தான் எதிர்க்காற்றில் வேகம் வரும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் பாதையில் கூட வருபவர்களைக் கவனியுங்கள். மிகத் தாழ்வாக அமைத்துக்கொண்டவர் வளைந்த கீழ்ப்பிடியை ஐந்து நிமிடம்கூடப் பிடிப்பதில்லை. கையை நேராக ஊன்றிக்கொண்டு மேல் கம்பியைப் பற்றி, மார்பைக் காற்றுக்குக் காட்டியபடி வருகிறார். கொஞ்சம் உயரமாக வைத்தவர் முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாங்குகிறார். காற்றில் யார் மறைந்திருக்கிறார் என்று கேட்கவே வேண்டாம்.

ரீச்: முன்னால் எவ்வளவு

ரீச் அளவைத் தனியாக எடுத்துப் பேசுவது தப்பு. ஹெட் டியூப் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், அதன் மேல் 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஹேண்டில்பார் உங்களை நோக்கி சுமார் 3 மி.மீ. வந்துவிடுகிறது. இரண்டு ஃபிரேம்களை ஒப்பிடும்போது முதலில் ஸ்டாக்கைச் சமமாக்கிவிட்டுத்தான் ரீச்சைப் பார்க்க வேண்டும். அந்த எமோண்டாவின் ரீச் 384, டொமேனின் ரீச் 374. பார்த்ததும் எமோண்டா ஒரு சென்டிமீட்டர் நீளம் என்று தோன்றும். ஸ்டாக்கில் உள்ள 34 மி.மீ. குறையை ஸ்பேசர் வைத்து நிரப்புங்கள்: ரீச் 10 மி.மீ. குறைகிறது, 374 ஆகிறது. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. ஆக எமோண்டா நீளமான ஃபிரேம் என்பதைவிட, அதே கோட்டில் தாழ்வாக முடியும் ஃபிரேம் என்பது பொருத்தம். இந்தச் சின்னக் கணக்கைப் போடத் தெரிந்துவிட்டால் எந்தக் கம்பெனியின் அளவு அட்டவணையையும் நீங்களே படித்துவிடலாம்.

அட்டவணையில் மேல் குழாயின் நீளத்தையும் போட்டிருப்பார்கள். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சீட் குழாயை ஒரு டிகிரி செங்குத்தாக நிமிர்த்தினாலே அந்த எண் ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும். கைகள் போகும் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறியிருக்காது. முழங்காலுக்காகச் சீட்டைப் பின்னால் தள்ளியதும் அந்தக் குறைவு காணாமல் போய்விடும்.

ஃபிரேம் சரியான அளவா என்று சொல்லும் நல்ல சாட்சி ஸ்டெம். உங்களுக்கு வசதியான நிலையை 90 முதல் 110 மி.மீ. ஸ்டெம்மோடு, 20, 25 மி.மீ. ஸ்பேசருக்குள் அடைய முடிந்தால் அது உங்கள் ஃபிரேம். 70 மி.மீ. ஸ்டெம் போட்டால்தான் கை எட்டுகிறது என்றால் ஃபிரேம் பெரிது. ஸ்பேசரைக் கோபுரமாக அடுக்க வேண்டியிருந்தால் ஸ்டாக் போதவில்லை. முன்பெல்லாம் ஸ்டெம் மாற்றுவது பத்து நிமிட வேலை. இன்றைய பல சைக்கிள்களில் பிரேக் ஹோஸ் ஹேண்டில்பாருக்குள்ளும் ஸ்டெம்முக்குள்ளும் ஓடுகிறது. ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே துண்டாக வருவதும் உண்டு. ஒரு சென்டிமீட்டர் மாற்ற ஹோஸைக் கழற்றி, ஆயில் நிரப்பி, ஆயிரக்கணக்கில் கூலி கொடுக்க வேண்டிவரும். முன்கூட்டியே சரியாகத் தேர்ந்தெடுப்பதன் அவசியம் கூடியிருக்கிறது.

உயரம் குறைந்தவர்களுக்கு

155 செ.மீ. சுற்றுவட்டத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தச் சந்தை இன்னும் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. 700சி சக்கரத்தைச் சின்ன ஃபிரேமுக்குள் அடைக்கும்போது முன்சக்கரம் கால் நுனியில் இடிக்கும். அதைத் தவிர்க்க ஹெட் டியூபைச் சாய்ப்பார்கள், சீட் குழாயை நிமிர்த்துவார்கள். சைஸ் இறங்கினாலும் ரீச் அந்த அளவுக்கு இறங்காது. டொமேனில் 54-இலிருந்து 52-க்கு வந்தால் ஸ்டாக் 14 மி.மீ. குறைகிறது, ரீச் குறைவது வெறும் 3 மி.மீ. கேன்யன் நிறுவனம் தன் மிகச் சிறிய சைஸ்கள் சிலவற்றில் 700சி-ஐவிடச் சிறிய 650பி சக்கரம் பொருத்தியது. அது நேர்மையான தீர்வு. கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். கிராங்க்கும் 165 மி.மீ. இருக்க வேண்டும், 172.5 வந்தால் மாற்றித்தரச் சொல்லுங்கள். ‘லேடீஸ் மாடல்’ என்ற பெயருக்காக மட்டும் எதையும் வாங்க வேண்டியதில்லை. ஒரே உயரமுள்ள இரண்டு பெண்களுக்கு நடுவிலேயே அண்ணன் தம்பி கதையில் பார்த்த அளவு வித்தியாசம் இருக்கும்.

பிரேக் லீவரையும் மறக்காதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கீழ்ப்பிடியிலிருந்து இரண்டு விரல் லீவரை முழுசாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். லீவரை உள்ளே கொண்டுவரும் திருகு அநேகமாக எல்லா மாடலிலும் உண்டு. அதைத் திருப்பியும் விரல் எட்டாவிட்டால், அந்தச் சைக்கிளில் மலை இறங்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்னும் கடையிலும்

ஏற்கெனவே வலியில்லாமல் ஓட்டும் ரோடு பைக் உங்களிடமோ நண்பரிடமோ இருந்தால் அதை அளந்துவிடுங்கள். பின்சக்கரம் சுவரைத் தொடும்படி நிறுத்தி, ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். தரையிலிருந்து பிபி நடுவுக்கு ஓர் அளவு, ஹெட் டியூபின் மேல் விளிம்பு நடுவுக்கு ஓர் அளவு, கழித்தால் ஸ்டாக். சுவரிலிருந்து அதே இரண்டு புள்ளிகளுக்கும் அளந்து கழித்தால் ரீச். ஸ்பேசர் உயரத்தையும் ஸ்டெம் நீளத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நான்கு எண்களும் கடைக்காரர் சொல்லும் எந்த சைஸையும்விட மதிப்புள்ளவை. அப்படி ஒரு சைக்கிள் கையில் இல்லாதவர்கள், ஃபிட்டிங் செய்பவரிடம் சைக்கிள் வாங்குவதற்கு முன்னால் போங்கள். வாங்கிய பிறகு போனால் தப்பான ஃபிரேமில் முடிந்தவரை சமாளித்துத் தருவதைத் தவிர அவரால் வேறு எதுவும் செய்ய முடியாது.

கடையில், “இந்த சைஸ்தான் சார் கைவசம் இருக்கு, சீட்டை ஏத்தி இறக்கினா சரியாயிடும்” என்பார்கள். சீட் ஏறும் இறங்கும், உண்மைதான். ஸ்டாக்கும் ரீச்சும் அப்படியே நிற்கும். சரியான சைஸ் வர மூன்று மாதம் ஆகும் என்றால் காத்திருங்கள்.

நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினரில் சைக்கிளை மாட்டித் தரச் சொல்லி இருபது நிமிடமாவது மிதியுங்கள். லீவரின் மேல்பகுதியில் கையை வைத்து ஓரளவு பலமாக மிதிக்கும்போதே இரண்டு கைகளையும் ஒரு விரற்கடை உயர்த்திப் பாருங்கள். உடம்பு முன்னால் சரிந்து விழப்போனால் எடை கைகளில் இருக்கிறது. சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறுபடி பாருங்கள். உங்களை அறியாமல் சீட்டின் மூக்குக்கு நகர்ந்துகொண்டே இருந்தால் ரீச் அதிகம். தோள் காதை நோக்கி ஏறினாலோ, முழங்கை பூட்டிக்கொண்டாலோ அதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். எழுந்து நின்று மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரை உரசுகிற அளவுக்கு வந்தால் ஃபிரேம் குட்டை.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் “சின்னதையே எடு, பாதுகாப்பு” என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். உடம்பு நீளம், கால் குட்டை என்றால் அந்த அறிவுரை பெரும்பாலும் சரி. நீளமான காலும் குட்டையான உடம்பும் உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் பெரிய சைஸின் ஸ்டாக்கை எடுத்துக்கொண்டு, ஸ்டெம்மை 10 மி.மீ. குறைத்துக்கொள்வது நல்லது. சின்ன ஃபிரேமில் அவர்களுக்கு ஸ்பேசர் அடுக்க இடம் போதாது. கார்பன் ஃபோர்க்குகளில் எத்தனை ஸ்பேசர் போடலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் வைக்கும் வரம்பு கையேட்டில் இருக்கும். அதை மீறினால், ஹெட் டியூப் வழியாக மேலே வரும் ஃபோர்க் தண்டு ஒடியும் ஆபத்து உண்டு. சீட் போஸ்ட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடும் அப்படித்தான், அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

புது சைக்கிள் கைக்கு வந்ததும் ஃபோர்க் தண்டை அழகுக்காக வெட்டிவிட கடையில் அவசரப்படுவார்கள். முதல் சில மாதங்களுக்கு வெட்டவே விடாதீர்கள். வரம்புக்குள் ஸ்பேசர்களை மேலும் கீழும் மாற்றி ஓட்டி, உயரம் நிலைத்த பிறகு வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. பழைய சைக்கிள் வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபிரேமின் ஸ்டாக் உங்களுக்குச் சரியாக இருந்தும், முந்தைய சொந்தக்காரர் தன் முதுகுக்கு ஏற்றபடி தண்டைக் குட்டையாக வெட்டியிருந்தால் உங்களுக்கு வேண்டிய ஸ்பேசரைப் போட முடியாது. ஃபோர்க்கையே மாற்ற வேண்டியிருக்கும். விலை பேசுவதற்கு முன், ஹெட் டியூபுக்கு மேல் தண்டு எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.